சாகாமத்துப் பிள்ளைக்கு 'கிரைசிஸ்' தெரியும்

"எனக்கு இங்கிலீஷ் வராது" என்ற வசனத்தை இன்றோடு நிறுத்து, தம்பி. நீயும்தான், தங்கச்சி. அக்கரைப்பற்றில் வேலை கேட்டுப் போகும்போது சொல்லாதே. கல்முனையில் வங்கிக்காரர் படிவத்தை நீட்டும்போது சொல்லாதே. நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்து ஏற இறங்கப் பார்க்கும்போது, உயிர் போனாலும் சொல்லாதே. பணிவு என்று நினைத்துச் சொல்கிறாய். கேட்பவரோ அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார். உனக்கு எதிராக நீயே எழுதி, நீயே கையெழுத்தும் வைத்துக் கொடுத்த தீர்ப்பு. கொடுமை என்னவென்றால், அது பொய்த் தீர்ப்பு.

எதை வைத்துப் பொய் என்கிறேன்? சாகாமம் குளத்தை வைத்துச் சொல்கிறேன்.

மாரிகாலம் எப்படி இருக்கும் என்று சாகாமத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது. இருட்டில் யாராவது ஒருவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நனைந்து வந்தவரிடம் வீட்டார் கேட்பது ஒரே கேள்விதான்: "தண்ணி எப்படி?" அவர் சொல்லும் பதிலைக் கவனி. "ஏறுது" என்றால், படுக்கலாம், விடியப் பார்க்கலாம். "வான் பாயுது" என்றால், தாழ்ந்த வயல்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். "கட்டில கசிவு கிடக்கு" என்றால் மண்மூடை, மண்வெட்டி, ஊராட்கள். "கட்டு உடைஞ்சிட்டு" என்றால் பிள்ளையைத் தூக்கு, மேட்டுக்கு ஓடு. நாலும் ஆபத்தைப் பற்றிய பேச்சுத்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, கிடைக்கும் நேரம் வேறு, முடிவெடுக்கும் ஆளும் வேறு. கசிவைப் பார்த்துவிட்டு "ஏறுது" என்று சொன்னவனை ஊர் மன்னிக்காது.

இப்படி நறுக்காகப் பிரித்துப் பேசும் வீட்டில் பிறந்த நீ, எமர்ஜென்சி, கிரைசிஸ், குரோஸ்ரோட்ஸ், டேர்னிங் பொயின்ட், வோட்டர்ஷெட், ஜங்க்சர் என்று ஆங்கிலம் பிரிக்கும்போது மட்டும் ஏன் நடுங்குகிறாய்? அகராதியில் இவற்றுக்கு நேரே "நெருக்கடி", "இக்கட்டான கட்டம்", "முக்கிய தருணம்" என்று மாறி மாறி ஒன்றையே போட்டிருப்பதைப் பார்த்து மிரண்டுபோனாய். ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதினாய். சிவப்புப் பேனை கோடு போட்டது. ஏன் என்று கேட்க வெட்கப்பட்டாய். அந்த வெட்கத்தைத்தான் "வராது" என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறாய்.

அகராதியை மூடு. ஒவ்வொரு சொல்லிடமும் மூன்று கேள்வி கேள். எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? முடிவு யார் கையில்? திரும்பி வர வழி உண்டா? குளக்கட்டிலிருந்து வந்தவரிடம் உன் உம்மாவோ அம்மாவோ கேட்கும் அந்த ஒரே கேள்விக்குள் இருப்பவையும் இவைதான்.

எமர்ஜென்சியிடம் கேட்டால், நேரமே இல்லை என்கிறது. அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையின் வாசலில் அந்தச் சொல்லைப் பார்க்கிறாய். 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் வரும் சுவசெரிய ஆம்புலன்ஸும் அந்தச் சொல்லுக்காகவே ஓடுகிறது. பஸ்ஸின் பின்புறத்தில் எமர்ஜென்சி எக்ஸிட் என்று எழுதியிருக்கும். அங்கே கிரைசிஸ் எக்ஸிட் என்று எவரும் எழுதமாட்டார்கள். ஏன்? பஸ் தீப்பிடித்தால் யோசிக்க ஒன்றுமில்லை, கண்ணாடியை உடைத்துக் குதிக்க வேண்டும். எமர்ஜென்சி உன்னிடம் கருத்துக் கேட்பதில்லை. ஓடச் சொல்கிறது.

கிரைசிஸ் கருத்துக் கேட்கிறது. அந்தச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. பிரித்தறிதல், தீர்மானம் என்பது அதன் பழைய பொருள். கிரேக்க வைத்தியர்கள் நோயாளியின் கட்டிலருகே இருந்து அதைச் சொன்னார்கள்: காய்ச்சல் ஏறி ஏறி ஒரு நாளில் வந்து நிற்கும், அன்றைக்கு ஒன்றில் இறங்கும், அல்லது ஆளைக் கொண்டுபோகும். மருந்தில்லாத காலத்து நிமோனியா ஏறத்தாழ ஏழாம் நாள் அப்படித்தான் தீர்ந்தது. எங்கள் வீட்டுக் கிழவிகள் "கண்டம் தப்பிட்டான்" என்று சொல்வார்களே, அந்தக் கட்டம். பத்திரிகைகள் "ஆபத்தான கட்டத்தைத் தாண்டிவிட்டார்" என்று எழுதும் கட்டமும் அதுதான். கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒரு சொல்லுக்கு உன் மூத்தம்மாவின் வாயில் சொந்தப் பதில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்னும் கிட்டத்தில் பார்ப்போம். 2022ஐ மறந்திருக்கமாட்டாய். ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்கு முன்பே எரிவாயு இல்லை, பெற்றோல் வரிசை, மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். அதற்கு முந்திய வருஷம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்ததால் எங்கள் வயல்காரர் பட்ட பாட்டை நீயே பார்த்தாய். இதெல்லாம் கிரைசிஸ். மாதக்கணக்காக நீண்டது, எவரெவரோ எடுத்த முடிவுகளால் முற்றியது, புதிய முடிவுகளால் மட்டுமே தீரக்கூடியது. இடையில் அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. அது எமர்ஜென்சி. கிரைசிஸ் எங்கள் குசினியில் இருந்தது, எமர்ஜென்சி வர்த்தமானியில் இருந்தது. மின்வெட்டு இரவில் நீ படித்தது எமர்ஜென்சி லாம்ப் வெளிச்சத்தில். படிக்கவிடாமல் செய்தது கிரைசிஸ். இரண்டையும் அனுபவித்தவனுக்கு வித்தியாசம் விளங்காதாம்! யார் சொன்னது?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்த நாட்டில் 1971 தொடங்கி 2011 வரையான நாற்பது வருஷத்தில் பெரும்பகுதி அவசரகாலச் சட்டத்தின் கீழ்தான் கழிந்தது. அவசரம் என்பது முடிந்துபோக வேண்டிய ஒன்று. முடியாத அவசரத்துக்குள் ஒரு தலைமுறையே பிறந்து, பள்ளிக்கூடம் போய், கலியாணமும் கட்டியது. அக்கரைக்குப் போனால் 1975இல் இந்திரா காந்தி கொண்டுவந்ததை அவர்கள் நெருக்கடி நிலை என்றும் எழுதுகிறார்கள். இங்கே நாம் அவசரகாலம் என்கிறோம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு கரையிலும் இரண்டு தமிழ். அகராதியைப் பார்த்து நீ குழம்பியதில் உன் பிழை ஒன்றுமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கிரைசிஸின் உறவுச் சொல்லான கிரிட்டிக்கலை ஆஸ்பத்திரிப் பேச்சில் கேட்டிருப்பாய்; நம் பத்திரிகைகள் அதைக் கவலைக்கிடம் என்று எழுதுகின்றன. ஆனால் விவசாய விஞ்ஞானிகளும் அதே சொல்லை நெல்லுக்குப் பயன்படுத்துகிறார்கள். பயிர் குடலைப் பருவத்துக்கு வந்து கதிர் வெளியே தள்ளும் அந்தக் கொஞ்ச நாளில் தண்ணீர் தவறினால், பிறகு குளமே திறந்துவிட்டாலும் பதர்தான் மிஞ்சும். நாற்றுப் பருவத்தில் இரண்டு நாள் காய்ந்தால் பயிர் தாங்கும். குடலையில் தாங்காது. இதை உன் வாப்பாவுக்கோ அப்பாவுக்கோ எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிரிட்டிக்கல் ஸ்டேஜ் என்று ஆங்கில நூல் எழுதுவதை அவர் வரம்பில் நின்று கையால் கதிரைத் தடவிப் பார்த்துச் சொல்வார். நாளைக்கு ஒரு வசனம் எழுது: பயிருக்குத் தண்ணீர் எப்போது கிரிட்டிக்கல் என்று. விளக்கம் கேட்டால் வாப்பாவிடம் கேள். ஆங்கிலத்தை நீ எழுது, அறிவை அவர் தருவார்.

இனி நான் எழுதப்போவதை நிதானமாக வாசி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்தது. எங்கள் கரைக்கு அலை வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எடுத்தது. இந்து சமுத்திரத்துக்கு அன்றைக்கு எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில் அறிக்கை விட்டது, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்று. அந்த ஒன்றரை மணி நேரமும் மருதமுனையில், கல்முனையில், சாய்ந்தமருதில், காரைதீவில், தம்பிலுவிலில், திருக்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர். இலங்கையிலேயே ஆகக் கூடிய இழப்பு நம் மாவட்டத்துக்குத்தான்.

அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், மை காவ் கடற்கரையில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி பெற்றோருடன் நடந்துகொண்டிருந்தாள். கடல் நுரைத்துக்கொண்டு உள்ளே வந்தது, திரும்பிப் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் இங்கிலாந்தில் தன் வகுப்பில் புவியியல் ஆசிரியர் சுனாமியைப் பற்றிச் சொல்லித்தந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. கத்தினாள். முதலில் யாரும் கணக்கெடுக்கவில்லை. விடாமல் கத்தினாள். தந்தை காவலாளியிடம் சொன்னார், கரையைக் காலிசெய்தார்கள். ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தார்கள்.

அந்தப் பிள்ளை நீச்சல் வீராங்கனை இல்லை, விஞ்ஞானியும் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு சொல்லும் அந்தச் சொல்லுக்குள் இருந்த கட்டளையும். கண்முன் நடப்பதற்குச் சரியான பெயர் தெரிந்திருந்தது. பெயர் தெரிந்ததால் என்ன செய்வதென்றும் தெரிந்தது. அன்றைக்கு நம் கரையில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரியும்? நம் ஆட்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று எவனாவது சொன்னால் அவன் வாயை மூடச்சொல். காற்றை, நீரோட்டத்தை, மீன்பாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடும் கடலாளிகள் நம்மவர்கள். அந்த ஒரு சொல்லை அவர்களுக்கு எவரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவ்வளவுதான் குறை. ஆகவே, சொல் படிப்பதைச் சோதனைக்காகச் செய்யும் வேலை என்று நினைக்காதே. இந்தக் கரையில் சொல் தெரியாததற்கு நாம் கொடுத்த விலை என்னவென்று திருக்கோவில் மண்ணைக் கேள்.

இதே இடத்தில் இன்னொரு பொய்யையும் தூக்கியெறிகிறேன். தன்னம்பிக்கை மேடைகளில் அடிக்கடி கேட்பாய்: சீன மொழியில் கிரைசிஸுக்கான சொல்லில் இரண்டு எழுத்து, ஒன்று ஆபத்து, மற்றது வாய்ப்பு, ஆகவே நெருக்கடி என்றாலே வாய்ப்பு என்று. அமெரிக்காவின் ஜோன் கென்னடி 1959இல் ஒரு பேச்சில் சொன்ன பிறகு இது உலகெங்கும் பரவியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் சீன மொழிப் பேராசிரியர் விக்டர் மேர் இது பிழை என்று விளக்கி எழுதியிருக்கிறார். அந்த இரண்டாம் எழுத்துக்கு வாய்ப்பு என்று அங்கே பொருளில்லை. ஏதோ ஒன்று மாறத் தொடங்கும் கட்டம் என்பதே கிட்டிய பொருள். மொழிநூலை விடு. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் முன் நின்று "நெருக்கடி ஒரு வாய்ப்பு" என்று சொல்ல உனக்கு வாய் வருமா? வரக்கூடாது. ஆபத்தை ஆபத்து என்றே அழைக்கிறவனிடம்தான் தைரியம் இருக்கிறது. இனிப்புப் பூசிய சொல் தைரியம் தராது. வள்ளுவர்கூட வாய்ப்பான வேளைக்குக் காலமறிதல் என்று ஓர் அதிகாரமும், துன்ப வேளைக்கு இடுக்கணழியாமை என்று வேறோர் அதிகாரமும் வைத்தாரே தவிர இரண்டையும் ஒன்றாகக் குழைக்கவில்லை.

சரி, குரோஸ்ரோட்ஸ். நாற்சந்தி. நேரம் இருக்கிறது, ஆபத்து இல்லை, பாதை பல, தெரிவு முழுக்க உன்னுடையது. கிரைசிஸில் நிலைமை உன்னை நெருக்கும். சந்தியில் உன்னை நெருக்குவது உன் மனம்தான். இதற்கு நம் கரையிலேயே பிறந்த ஒருவரின் வாழ்க்கையைக் காட்டுகிறேன்.

காரைதீவில் 1892இல் பிறந்தவர் மயில்வாகனம். கல்முனை மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையில் எழுத்துப் படித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபர் நாற்காலி. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இத்தனையும் கையில் வைத்திருந்த ஒருவருக்கு எத்தனை கதவு திறந்திருக்கும் என்று நினைத்துப் பார். 1922இல் எல்லாவற்றையும் வைத்துவிட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். அது குரோஸ்ரோட்ஸ். எவரும் விரட்டவில்லை, எதுவும் எரியவில்லை, அவரே தெரிந்தெடுத்தார். 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார்.

பிறகு நடந்ததைப் பார். 1926இல் சேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று தமிழாக்கி, அவருடைய நாடகங்களை நம் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, ஆங்கில விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழ் தேடும் வேலையை நடத்தினார். 1938இல் அவை நூலாக வந்தன. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். ஆங்கிலச் சொல்லொன்றுக்கும் அதன் பக்கத்து வீட்டுச் சொல்லுக்கும் இடையிலான மயிரிழை வேறுபாட்டை உட்கார்ந்து அளந்த மனிதர் உன் வீட்டிலிருந்து சில மணி நேரச் சைக்கிள் ஓட்டத்தில் பிறந்தவர். அவர் கல்முனையில் ஆங்கில அரிச்சுவடியைத் திறந்த நாளில் அவருக்கும் அது அந்நிய எழுத்துத்தான். இந்த மண்ணுக்கு இங்கிலீஷ் வராது என்றால் அவருக்கு எப்படி வந்தது?

1922 அவருடைய வாழ்க்கையின் டேர்னிங் பொயின்ட் என்றும் நாம் எழுதலாம். நாம் எழுதலாம், அவர் அன்றைக்கு எழுதியிருக்க முடியாது. இதுதான் இந்தச் சொல்லின் சூட்சுமம். சந்தியில் நிற்கும்போதே அது சந்தி என்று தெரியும். திருப்புமுனையில் நிற்கிறவனுக்கு அது திருப்புமுனை என்று தெரியாது. பத்து வருஷம் நடந்து வந்து திரும்பிப் பார்த்தால்தான் பாதை எங்கே வளைந்ததென்று தெரியும். அதனால்தான் ஆங்கிலக் கட்டுரைகளில் டேர்னிங் பொயின்ட் பெரும்பாலும் இறந்தகால வினையோடு வருகிறது. இதை ஆங்கில இலக்கணம் என்று மட்டும் படிக்காதே, உனக்கான சேதியாகவும் படி. இன்றைக்கு நீ செய்கிற எது உன் வாழ்க்கையைத் திருப்பப்போகிறதென்று உனக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால் எதையும் அரைகுறையாகச் செய்யாதே. நாளைக் காலை டியூஷன் வகுப்பில் எழுதப்போகும் ஒரு பந்தி, யாருக்கோ நீ அனுப்பும் ஒரு விண்ணப்பம், எதுவும் அதுவாக இருக்கலாம்.

வோட்டர்ஷெட் அதைவிடப் பெரியது. மலைமுகட்டில் மழை இந்தச் சரிவில் விழுந்தால் ஓர் ஆற்றுக்கு, அந்தச் சரிவில் விழுந்தால் இன்னோர் ஆற்றுக்கு. விழுந்த துளி முகட்டைத் தாண்டி மறுபடி வராது. அந்த முகட்டுக்குத்தான் ஆங்கிலேயன் முதலில் அந்தப் பெயர் வைத்தான். ஒரு நிகழ்ச்சியால் காலமே முன், பின் என்று இரண்டாகப் பிரிந்தால் அதை வோட்டர்ஷெட் என்கிறார்கள். நம் கரையில் அதற்கு உதாரணம் தேட வேண்டாம். "சுனாமிக்கு முந்தி", "சுனாமிக்குப் பிறகு" என்றுதான் நாம் கலியாணத்தையும் காணி உறுதியையும் கணக்குப் பண்ணுகிறோம். நல்ல உதாரணமும் உண்டு. 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, அடுத்த வருஷம் பல்கலைக்கழகமானது. சம்மாந்துறையில் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரப் அதற்காகப் பாடுபட்டார். அதற்கு முன் கம்பஸ் என்றால் பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம். கிட்டியது என்றால் மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலை. மகளை அவ்வளவு தூரம் அனுப்பப் பயந்த எத்தனையோ வீடுகள், ஒலுவிலில் கம்பஸ் வந்த பிறகு காலையில் பஸ் ஏற்றி அனுப்பின. அந்தக் குடும்பங்களுக்கு 1995க்கு முந்திய உலகம் இனி இல்லை.

ஜங்க்சர் என்பது ஜங்ஷனின் சகோதரச் சொல். பல நிகழ்ச்சிகள் வந்து ஒட்டும் நேரப்புள்ளி. கூட்ட அறிக்கைகளில் "அட் திஸ் ஜங்க்சர்" என்று வரும், சந்தைப் பேச்சில் வராது. எக்ஸிஜென்சி அதைவிடக் கந்தோர்ச் சொல்: ஆசிரியர்களின் இடமாற்றக் கடிதத்தில் சேவையின் தேவை கருதி என்று வருமே, அதன் ஆங்கிலத்தில் இருக்கும். இவ்விரண்டையும் கண்டால் அடையாளம் காணத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

இனி உன்னிடம் வருகிறேன். பெறுபேறு வந்த அந்தி. வெளி விறாந்தையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பிள்ளை இருக்கிறாள். சுட்டெண்ணைப் போட்டுப் பார்த்தாயிற்று. மூன்று பாடமும் எஸ். இசட் ஸ்கோர் எங்கேயோ கிடக்கிறது. உள்ளே உம்மா மாமிக்குப் போன் எடுத்து மெல்லப் பேசுகிறார். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது. "எல்லாம் முடிஞ்சி" என்கிறாள். இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறாள். சில வீடுகளில் அந்த "முடிஞ்சி" என்ற சொல் உயிரையே கேட்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை ஆவேசமாக எழுதுகிறேன்.

மகள், நிமிர்ந்து பார். மூன்று கேள்வியையும் கேள். நேரம் இருக்கிறதா? இருக்கிறது. இந்த நாட்டில் உயர்தரத்தை மூன்று முறை எழுதலாம். எதுவும் எரியவில்லை, ஆம்புலன்ஸ் தேவையில்லை, ஆகவே இது எமர்ஜென்சி இல்லை. முடிவு யார் கையில்? மாமி கையிலா, அடுத்த வீட்டார் கையிலா? உன் கையில். திரும்பி வர வழி உண்டா? தாராளமாக உண்டு. அப்படியானால் நீ இருப்பது கிரைசிஸிலும் இல்லை, நீ நிற்பது குரோஸ்ரோட்ஸில். மறுபடி எழுதுவது ஒரு பாதை. சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரி ஒரு பாதை. அம்பாறை ஹார்டி நிறுவனம் ஒரு பாதை. வெளிவாரிப் பட்டம் ஒரு பாதை. சந்தியில் நிற்பவள் அழலாம், அது மனித இயல்பு. ஆனால் சந்தியைச் சுடுகாடு என்று பெயர் மாற்றி அழைக்கக்கூடாது. நெஞ்சு மட்டும் தாங்க முடியாமல் இருட்டிக்கொண்டு வந்தால், சாவைப் பற்றி நினைக்கத் தொடங்கினால், அந்த நிமிஷம் அது எமர்ஜென்சி. அப்போது யோசிக்காதே, தனியே இராதே, உம்மாவின் கையைப் பிடி, டொக்டரிடம் போ. எந்தப் பெயர் எப்போது என்று தெரிவது உயிர்காக்கும் அறிவு என்று நான் சொன்னது மிகைப்பேச்சில்லை.

ஆண்பிள்ளைக்கும் இதுவே. கட்டாருக்கு விசா வரவில்லை என்று சந்தியில் நாலு பேரோடு குந்தியிருக்கும் தம்பி, உனக்கும்தான். எல்லாவற்றுக்கும் "பெரிய பிரச்சின மச்சான்" என்ற ஒரே பெயரை ஒட்டிவைத்திருக்கிறாய். ஒரே பெயர் வைத்தால் ஒரே செயல்தான் மிஞ்சும்: குந்தியிருத்தல். பெயரைப் பிரி, வேலை தானாகப் பிரியும்.

ஒரு பொருட் பல சொல்லைக் கண்டு பயப்படும் பரம்பரையா நாம்? திவாகரம் என்ற நிகண்டை நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தொகுத்துவிட்டார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டைச் செய்யுளாகவே பாடமாக்கின. ஆங்கிலத்தின் பேர்போன ஒத்தசொல் தொகுப்பைப் பீட்டர் மார்க் ரொஜெட் என்ற வைத்தியர் வெளியிட்டது 1852இல்தான். அப்போது அவருக்கு 73 வயது. எழுபத்து மூன்றில் ஒருவர் தன் மொழியின் சொற்களை அடுக்கி முடிக்கிறார். பத்தொன்பது வயதில் நீ "எனக்கு இனி வராது" என்கிறாய்.

பக்கம் பக்கமாகச் சொல் பாடமாக்கு என்று நான் சொல்லமாட்டேன். அது ஒரு வாரத்தில் கரைந்துபோகும். ஒரு கொப்பி எடு. ஒவ்வொரு சொல்லுக்கும் உன் ஊரில் நடந்த ஒன்றை எழுது. எமர்ஜென்சிக்குப் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த இரவு. கிரைசிஸுக்குப் பசளை இல்லாத போகம். குரோஸ்ரோட்ஸுக்குச் சாச்சா கடையை விற்பதா வேண்டாமா என்று யோசித்த மாதம். டேர்னிங் பொயின்டுக்கு ராத்தா தையல் பழகத் தொடங்கிய வருஷம். வோட்டர்ஷெட்டுக்கு என்ன என்று உனக்கே தெரியும். ஒவ்வொன்றும் ஒரே வசனம், ஆங்கிலத்தில், பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. "இன் அன் எமர்ஜென்சி" என்று வரும், "அட் அ குரோஸ்ரோட்ஸ்" என்று வரும், "இன் கிரைசிஸ்" என்று 'அ', 'அன்' எதுவுமே இல்லாமல் வரும். இந்தச் சின்னச் சின்ன முன்சொற்களை இரண்டாம் முறை எழுதும்போது திருத்திக்கொள்ளலாம்.

இன்றிரவு இஷாவுக்குப் பிறகோ, விளக்கு வைத்த பிறகோ, அந்த ஐந்து வசனத்தையும் எழுது. நாளைக்கு உன் இங்கிலீஷ் மிஸ்ஸிடமோ சேரிடமோ கொண்டுபோய்க் கொடு. வாயால் வாசித்துக் காட்டு, வகுப்பு கேட்கிற சத்தத்தில். சிவப்பு மை விழட்டும். எங்கே, ஏன் பிழை என்று நேருக்கு நேர் நின்று கேள். திருத்தியதை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி எழுது. எழுதி முடித்ததும் ஆறாவது வசனத்தைத் தொடங்கு.